கடற்கரைக்கு சைபர் போட்டவர்

காயல்பட்டினம்
9 நவம்பர் 2025

காக்காவுக்கு,

சலாம். கையெழுத்தைப் பார்த்து யாரென்று குழம்ப வேண்டாம். உங்கள் தங்கச்சி பதுருன்னிஸாதான். நலமாக இருக்கிறேன், முன்னைவிடக் கொஞ்சம் குண்டாக.

பன்னிரண்டு வருஷமாகப் பேசாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று மதினிக்குப் போன் போட்டுக் கேட்பீர்கள். கேட்டுப் பிரயோசனமில்லை, அவருக்கும் தெரியாது. நானே சொல்லிவிடுகிறேன். காலேஜ் விஷயமாக உங்களிடம் சில சங்கதிகள் தெரிய வேண்டியிருக்கிறது.

நான் பாடம் எடுக்கிற வணிகவியல் துறையில் ஜனவரியில் ஒரு கருத்தரங்கு. பொய்த்துப்போன சந்தைக் கணிப்புகள் என்று தலைப்பு. ஆளுக்கு ஒரு சரக்கை எடுத்துக்கொண்டோம். முத்துச்செல்வி மேடம் ஈமு கோழி, ஜெப்ஸி மேடம் குட்டிக் கார். நான் 3ஜி. 2010-இல் அலைவரிசையை ஏலம் விட்ட சமயத்தில் வந்த அறிக்கைகளைத் தேடிப் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அடேயப்பா, என்ன கனவு! நாடு முழுக்க வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசுவார்களாம். பஸ்ஸில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்களாம். கம்பெனிகளுக்கு வருமானம் கொட்டுமாம். பத்து வருஷத்தில் பெரிய கம்பெனிகள் எல்லாம் 3ஜி கடையைக் கட்டிவிட்டன. எழுதினவர்கள் எல்லாரும் படித்தவர்கள்தானே, எங்கே கோட்டை விட்டார்கள்?

இன்னும் கேள்வி இருக்கிறது. மூன்றாம் தலைமுறை என்று எண்ணினவர் யார்? உலகத்துக்கே ஒரே தரம் என்று ஆரம்பித்துவிட்டு ஏன் ஆளுக்கு ஒரு தரமாகப் பிரிந்தார்கள்? நம் ஊருக்கு 3ஜி வந்தபோது எந்தெந்த மொட்டைமாடியில் டவர் வைப்பது என்று திட்டம் போட்டவர் நீங்கள். உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்?

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் நாம் கடைசியாகப் பேசின பெருநாள் சாயங்காலத்தை நான் மறக்கவில்லை. வாப்பா மவுத்தாகி மூன்று மாதம். நீங்கள் மஸ்கட் போய் ஒரு மாதம். வீடு பெண்ணுக்கு, ஆண் பெண்சாதி வீட்டோடு போவான் என்பது ஊர் வழக்கம், மகனுக்கும் பங்கு உண்டு என்பது மார்க்கம். நீங்கள் பங்கு கேட்கப்போவதாகக் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அதனால் உங்களையே கேட்டேன், "காக்கா, வாப்பா வூட்டுல உங்களுக்குப் பங்கு வேணுமா?" என்று. பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து லீவில் வந்தால் அடுத்த தெருவில் மதினி வீட்டோடு சரி. எங்கள் வீட்டுக்காரரைப் பள்ளிவாசலில் பார்த்தால் கை கொடுக்கிறீர்கள், இந்த வாசலை மிதிப்பதில்லை.

கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி தாளில் இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

வாவு மாமா மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன், கூடவே நான் சுட்ட தம்மடைப் பலகாரம் ஒரு டப்பா. சமாதானத்துக்கு இல்லை. வெறுங்கையோடு ஆள் அனுப்பி நம் வீட்டில் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

பதுரு


மஸ்கட்
28 நவம்பர் 2025

பதுருவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதமும் டப்பாவும் கிடைத்தன. தம்மடையில் ஏலக்காய் தூக்கல்.

கேட்டதற்குப் பதில். முதல் தலைமுறைப் போனில் பேச்சு மட்டும். இரண்டாவதில் பேச்சை எண்களாக்கி அனுப்பினார்கள், குறுஞ்செய்தியும் வந்தது. மூன்றாவது, இன்டர்நெட்டுக்காகவே யோசித்துச் செய்தது. முதல் இரண்டும் பிறந்தபோது அவற்றுக்கு எண் கிடையாது. மூன்றாவதற்கு விளம்பரம் தேவைப்பட்டதும் மற்றவற்றுக்கும் எண் கிடைத்தது.

தரம் பற்றி. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு உலகம் பூராவுக்கும் ஒன்றுதான் வேண்டும் என்று ஆசைப்பட்டது. ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து ஒன்றைக் கொண்டுவந்தன. அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் பழைய முறையின்மேல் இன்னொன்றைக் கட்டின. சீனா தனக்கென்று ஒன்று செய்துகொண்டது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அமைப்பு எல்லாவற்றையும் ஒரே பெயரின் கீழ் வைத்து, இதெல்லாம் ஒரே குடும்பம் என்று அறிவித்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் ஒருவர் போன் இன்னொருவரிடம் வேலை செய்யாது.

வீடியோ கால் ஏன் ஓடவில்லை என்றால், இரண்டு பக்கமும் 3ஜி போன் வேண்டும், இரண்டு பக்கமும் சிக்னல் வேண்டும், சாதாரணப் பேச்சைவிடக் கட்டணம் அதிகம். அவ்வளவு கஷ்டப்பட்டு முகம் பார்க்கிற அவசரம் யாருக்கும் இல்லை.

இங்கே இப்போது என் வேலையே 3ஜியை ஒவ்வொரு டவராக அணைப்பதுதான். நட்டதும் நான், பிடுங்குவதும் நான்.

போனை நான் வைத்ததாக எழுதியிருக்கிறாய். நான் வைக்கவில்லை. நீதான் வைத்தாய். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஸுஹைப்


காயல்பட்டினம்
12 டிசம்பர் 2025

காக்காவுக்கு சலாம்.

நானா வைத்தேன்? நல்ல கதையாக இருக்கிறதே! பெருநாளும் அதுவுமாகக் கூடப்பிறந்தவர் பேசும்போது முகத்தில் அறைந்த மாதிரி வைக்க நான் என்ன பைத்தியமா? சரி, உங்களுக்கு இஷ்டமில்லை என்கிறீர்கள். எனக்கு இஷ்டம் இருக்கிறது. பிறகு வருகிறேன் அதற்கு.

முதலில் வீடியோ கால். முகம் பார்க்கும் அவசரம் யாருக்கும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் எந்த ஊரில் பிறந்தீர்கள்? அந்தப் பெருநாள் சாயங்காலம் நம் கடற்கரையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அசர் தொழுதுவிட்டு ஊரே மணலுக்கு வந்துவிட்டது. கையில் புதுப் போன் இருந்த பெண்கள் எல்லாம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஹாங்காங்கில் மாப்பிள்ளை, துபாயில் மகன், கொழும்பில் வாப்பா. "இந்தா பாருங்க, சின்னவளுக்குப் பெருநாள் சட்டை!" என்று பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். படம் வரும், நிற்கும், மறுபடி வரும். எதிர்வீட்டு மாமி தன் மருமகனைப் பார்த்து வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாடு முழுக்கப் பொய்த்த கணிப்பு நம் கடற்கரையில் ஒரு சாயங்காலம் மெய்யாகியிருக்கிறது. அப்படியிருந்தும் கம்பெனிக்கு ஏன் லாபமில்லை? இதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள், கட்டுரைக்கு உயிரே இதுதான்.

இன்னொரு சந்தேகம். ஒரு புத்தகத்தில் 3ஜி டவர் மூச்சு விடும் என்று எழுதியிருக்கிறது. டவருக்கு ஏது மூச்சு? நம் தெருவில் டவர் நட்ட நாட்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தது. மேலே ஏறினால் வீட்டு முற்றமும் பெண்கள் நடக்கிற முடுக்கும் எல்லாம் தெரியும் என்று ஊர் சண்டைக்கு வந்தது. பனையேறுகிறவர்கள் குரல் கொடுத்துவிட்டு ஏறுகிற மாதிரி ஏறச் சொல்லி நீங்கள்தான் வழி பண்ணினீர்கள். டவர் ஏறுகிற அந்தத் தளவாய் தினமும் கீழே நின்று மூன்று தடவை, "ஏ, டவர் ஏறுதோம்!" என்று தொண்டை கிழியக் கத்துவார். நாங்கள் உள்ளே ஓடுவோம். மூச்சு வாங்கியது அவர்தான், டவர் இல்லை.

தம்மடையில் ஏலக்காய் தூக்கல் என்றால் அடுத்த தடவை ஏலக்காயே போடமாட்டேன். சாப்பிட்டுப் பாருங்கள்.

பதுரு


மஸ்கட்
2 ஜனவரி 2026

அன்புத் தங்கச்சி பதுருவுக்கு,

சலாம். தளவாயை நினைவுபடுத்திவிட்டாய். படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

உன் கடற்கரைப் பெண்கள் பேசியது கம்பெனி விற்ற வீடியோ கால் இல்லை. இன்டர்நெட் வழியாக இலவசமாகக் கிடைத்தது. அறிக்கை எழுதினவர்கள் மனுஷனுக்கு என்ன ஆசை என்பதைச் சரியாகத்தான் சொன்னார்கள். அந்த ஆசைக்குக் காசு யார் கல்லாவில் விழும் என்பதில்தான் தப்பினார்கள். ரோடு போட்டவன் ஒருத்தன், அதில் பஸ் விட்டவன் வேறொருத்தன். ரோட்டுக்குப் போட்ட பணத்தைக் கம்பெனிகள் திரும்ப எடுப்பதற்குள் நாலாம் தலைமுறை மலிவாக வந்து இறங்கிவிட்டது. இதை உன் பேராசிரியர்களுக்குச் சொல்.

மூச்சு விஷயம் உண்மைதான். இரண்டாம் தலைமுறையில் ஒவ்வொருவருக்கும் முறை வைத்துக் கொடுப்பார்கள். உன் முறையில் நீ, என் முறையில் நான். மூன்றாவதில் முறையே கிடையாது. எல்லாரும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பேசலாம். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு குறி உண்டு, டவர் அதை வைத்துப் பிரித்துக்கொள்ளும். கல்யாண வீட்டு அடுப்படியில் முப்பது பெண்கள் ஒன்றாகப் பேசினாலும் உம்மாவுக்கு உன் குரல் தனியாகக் கேட்குமே, அப்படி. ஆனால் ஆள் சேரச் சேர இரைச்சல் ஏறும். பக்கத்தில் நிற்கிறவள் பேச்சு கேட்கும். வாசலோரம் நிற்கிறவள் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. டவருக்கும் அதே கதிதான். கூட்டம் கூடினால் அதன் எல்லை உள்ளே சுருங்கும், கலைந்தால் விரியும். பழுது ஒன்றும் இருக்காது. இதைத்தான் மூச்சு என்கிறோம்.

அதனால் திட்டம் போடும்போது எங்கே எத்தனை பேர் நிற்பார்கள் என்று முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் வரைபடம் நிறம் நிறமாக வரும். வீடுகள் சிவப்பு, தோப்பு பச்சை, மணல் மஞ்சள். மஞ்சளுக்கு எத்தனை பேர் என்று கேட்கும். நான் சைபர் போட்டேன். ஆள் நடமாட்டமில்லாத சாத்தான்குளம் தேரிக்காட்டு மணலுக்குப் போட்ட அதே சைபர்தான் நம் கடற்கரைக்கும் விழுந்தது. பெருநாள் சாயங்காலம் அந்த மணலில் ஐஸ் வாங்கித் தின்றே வளர்ந்தவன் நான். மஞ்சளைப் பார்த்ததும் அது எனக்கு மணலாகத்தான் தெரிந்தது, ஊராகத் தெரியவில்லை.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

பதுரு, நான் போன் பண்ணியபோது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்? வீட்டில் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஸுஹைப்


காயல்பட்டினம்
20 ஜனவரி 2026

காக்கா,

கடற்கரையில்! தண்ணீர் ஓரத்தில், கால் நனைய நின்றேன். வாப்பா இல்லாத முதல் பெருநாள், வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. உங்கள் கால் வந்ததும் கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போவோம் என்று கடல் பக்கமாக நடந்தேன். நாலு பேருக்கு முன்னால் கேட்கிற கேள்வியா அது? உங்கள் மானம் போகக்கூடாது என்று தள்ளிப் போனேன் காக்கா. தள்ளிப் போய்த்தான் கெட்டேன் போலிருக்கிறது.

உங்கள் கடிதத்தை வாங்கியதும் பசியாறக்கூட இல்லை, நின்றுகொண்டே படித்தேன். பிறகு அதையே நாலைந்து தடவை படித்தேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன், நீங்களும் ஒழுங்காகச் சொல்லுங்கள். நான் கேட்டேன். அதற்குப் பிறகு உங்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. லைன் அறுந்தால் உடனே டூ டூ என்று வரும் அல்லவா? அது வரவில்லை. ஹலோ, ஹலோ என்றேன். போனில் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. நீங்கள் அந்தப் பக்கம் இருந்துகொண்டே வாயைத் திறக்காமல் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அறுந்தது. யோசித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். பங்கு வேண்டாம் என்றால் சொல்லியிருப்பாரே, வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் வைத்துவிட்டார் என்று.

3ஜி அப்படித்தான் அறுமா? அறுவதற்கு முன் சும்மா இருக்குமா? நீங்கள் இஞ்சினியர், உங்களுக்குத் தெரிந்திருக்குமே!

உங்களுக்கு என்ன கேட்டது? அதைச் சொல்லுங்கள். இஷ்டமில்லை என்று எழுதினால் நேரே மஸ்கட்டுக்கு வந்து நிற்பேன்.

கருத்தரங்கு நல்லபடியாக முடிந்தது. கடற்கரைப் பெண்களைச் சொன்னதும் அரங்கமே சிரித்தது. ஜெப்ஸி மேடம், "வருஷத்துக்கு ஒரு சாயங்காலம் பலிக்கிற கணிப்பை எந்தக் கணக்கில் வைப்பீங்க?" என்று கேட்டார். நன்றி சொல்லி இறங்கிவிட்டேன். அப்போது என் மனசு கட்டுரையில் இல்லை.

பதுரு


மஸ்கட்
6 பிப்ரவரி 2026

தங்கச்சி,

அப்படித்தான் அறும். எல்லை ஓரத்தில் இருக்கிற போன் உடனே கைவிடாது. டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். அந்தச் சில விநாடிகள் இரண்டு பக்கமும் லைன் இருக்கிற மாதிரியே தெரியும், ஒன்றும் கேட்காது. இரண்டாம் தலைமுறைக்காவது மாறியிருக்க வேண்டும். அன்றைக்கு இருந்த கூட்டத்துக்கு அதுவும் நிரம்பித்தான் இருந்திருக்கும்.

எனக்குக் கேட்டதைச் சொல்கிறேன். உன் கேள்வி முழுசாகக் கேட்டது. வேண்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "ஏளா, நீ என்னய அப்படித்தான் நெனச்சிருக்கியா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. காத்திருந்தேன். ஆமாம் என்று சொல்ல மனசில்லாமல் நிற்கிறாய் என்று நினைத்தேன். பிறகு அறுந்தது. என் தங்கச்சி என்னைப் பற்றி நினைப்பது இதுதான் என்று தெரிந்துபோயிற்று, இனிமேல் அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு போவது என்று இருந்துவிட்டேன். நான் வாசல் மிதித்தால் பங்குக்கு வந்திருக்கிறான் என்று உனக்குத் தோன்றுமே.

தெரிந்திருக்குமே என்கிறாய். எத்தனையோ பேர் கால் அறுந்ததற்குக் காரணம் தேடிக் கொடுத்தது என் வேலை. உன் மவுனத்துக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. கூடப்பிறந்தவள் பேசவில்லை என்றால் அது கோபம்தான், நெட்வொர்க் எப்படி ஆகும் என்றே இருந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் இப்போது உறைக்கிறது. அந்த மவுனத்தில் கடல் சத்தமே இல்லை. நீ பேசிக்கொண்டிருந்தவரை பின்னால் இரைச்சல் கேட்டது, டிவி ஓடுகிறது என்று நினைத்தேன். பிறகு அதுவும் நின்றது. நீ வாயை மூடினால் கடலும் சேர்ந்தா வாயை மூடும்? இதை யோசிக்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது, பதுரு. நீ என்னை அப்படித்தான் நினைத்தாயா?

ஸுஹைப்


காயல்பட்டினம்
21 பிப்ரவரி 2026

காக்கா,

நோன்பு பிறந்துவிட்டது. ஸஹர் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். பொய் சொல்லாமல் இருக்க நல்ல மாதம் இது.

ஆமாம், நினைத்தேன். கடைத்தெருப் பேச்சு காதில் விழுந்த நாலு நாளும் அப்படித்தான் நினைத்தேன். உங்கள் சம்பாத்தியத்தில் எழுப்பின மாடி அது, கேட்கத்தானே செய்வார் என்று நினைத்தேன். ஆனால் நம்பவில்லை. நம்பியிருந்தால் உங்களிடம் கேட்டிருக்கவே மாட்டேன் காக்கா. வக்கீலைப் பார்க்கப் போயிருப்பேன், இல்லாவிட்டால் சாவியைக் கொண்டுபோய் மதினி கையில் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். நீங்கள், "போளா கிறுக்கி" என்று ஒரு வார்த்தை திட்டுவீர்கள், நான் அழுவேன், அதோடு முடியும் என்றுதான் தண்ணீர்வரை நடந்து போனேன். அந்த ஒரு திட்டு என் காதில் விழாமல் போனதில் எத்தனை பெருநாள் போச்சு! என் மூத்தவளுடைய நிக்காஹ்வுக்கு நீங்கள் தெருப்பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனீர்களே! தாய்மாமன் உட்காருகிற இடமா அது?

நானாவது திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டவர் நீங்கள், அறுந்தால் கூப்பிட்டவர்தானே மறுபடி கூப்பிட வேண்டும் என்று வீம்பாக இருந்தேன். நம் வீட்டில் என்றைக்கும் அதுதானே பழக்கம்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். என் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் வரவில்லை. வாப்பா வூட்டுல உங்களுக்குப் பங்கு வேணுமா?

பதுரு


மஸ்கட்
8 மார்ச் 2026

போளா கிறுக்கி.

வேண்டாம். அன்றைக்கும் வேண்டாம்தான். எதிர்க்கேள்வி கேட்காமல் இதை முதலில் சொல்லியிருக்கலாம். லைன் விழுங்கியிருந்தாலும், சொன்னேன் என்கிற நிம்மதியாவது எனக்கு இருந்திருக்கும்.

பெருநாளுக்கு நாலு நாள் முன்னால் தூத்துக்குடி வந்து சேர்கிறேன், இன்ஷா அல்லாஹ். தங்குவது உன் மதினி வீட்டில்தான். ஊர் வழக்கத்தை இந்த வயசில் மாற்ற முடியாது. பெருநாளன்று தொழுகை முடிந்ததும் பசியாறுவது உன் வீட்டில். வாப்பா உட்காருகிற இடத்தில் என்னை உட்காரச் சொல்லாதே, அவருக்கு எதிரே ஒரு பாய் போடு. எனக்கு அந்த இடம்தான். தம்மடையில் ஏலக்காய் போட்டுத் தொலை. தூக்கலாகவே போடு.

சாயங்காலம் கடற்கரைக்குப் போவோம். இப்போது அங்கே எத்தனை பேர் நின்றாலும் பேசலாம் என்கிறார்கள். நான் போய்ப் பார்க்காமல் நம்பமாட்டேன். நீ தண்ணீர் ஓரம் நில், நான் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து கூப்பிடுகிறேன்.

அறுந்தால் யார் கூப்பிட்டது என்று பார்க்காதே. நான் உடனே கூப்பிடுவேன், நீயும் உடனே கூப்பிடு. ரெண்டு பேருக்கும் பிஸி என்றுதான் வரும். வரட்டும்.

உன் காக்கா,
ஸுஹைப்